துயருற்றார்க்குத் துணை நிற்றல்
(இல்லறத்தார்க்கான ஒழுக்கப் பாடம்)

இறப்பு நேர்ந்த இல்லத்திற்கு நாம் அனைவரும் செல்கிறோம். மாலை சார்த்துகிறோம்; உடன் நடக்கிறோம்; இரண்டு சொல் ஆறுதல் கூறித் திரும்புகிறோம். அந்த இரண்டு சொல் கேட்பவர் நெஞ்சில் மருந்தாக இறங்கினவா, முள்ளாகத் தைத்தனவா என்று பின்னர் எண்ணிப் பார்த்ததுண்டா? இப்பாடத்தில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று, வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டு மதுரைக்குக் குடிவந்து வைகையின் வடகரையில் வாழ்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வில்லத்தின் ஒரே மகன் சாலை விபத்தில் மாண்டான். வயது 24. சொந்த ஊரிலிருந்து உறவினர் இரவோடு இரவாக வந்து சேர்ந்தனர். அவருள் கற்றறிந்த பெரியவர் ஒருவர், அழுது சோர்ந்திருந்த தாயின் அருகே அமர்ந்து, "முற்பிறவியில் எந்தத் தாயிடமிருந்து எந்தப் பிள்ளையைப் பிரித்தாயோ அம்மா, அந்த வினை இன்று வந்து நின்றது. அழுது என்ன பயன்? அழுதால் மேலும் வினைதான் சேரும்" என்றார்.

பெரியவர் தீய எண்ணத்துடன் கூறினாரல்லர். தாம் கற்றதைத் தாம் அறிந்தவாறு கூறினார். ஆயினும் அத்தாய் அன்று முதல் ஓராண்டுக் காலம் பஞ்ச நமஸ்காரத்தை வாயால் சொல்லவில்லை. "என் பிள்ளை போனதற்கு நானே காரணமென்றால், எந்த வாயால் அதைச் சொல்வது?" என்று பின்னாளில் நம்மிடம் கூறினார்.

அறத்தை எடுத்துரைத்த சொல்லே ஒருவரை அறத்தினின்றும் விலக்கிவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது? முதலில் ஆகமம் கூறுவதைக் காண்போம்.

அழுகை பாவமா?

சோகம் என்பது மோகனீயக் கருமத்தின் வகையாகிய ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்று. சிரிப்பு, அச்சம் முதலியவற்றோடு சேர்த்தே அது எண்ணப்படுகிறது. எட்டாம் குணஸ்தானம் வரை அதன் உதயம் உண்டு என்பது கருமநூல் துணிபு. அன்புக்குரியாரைப் பிரிந்து அதனையே எண்ணி வருந்துதல் ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகையுள் ஒன்று. இது விரதம் பூணாதவர்க்கும், அணுவிரதம் பூண்ட இல்லறத்தார்க்கும் உண்டு. பிரமாதம் முற்றும் நீங்காத முனிவர்க்கும் உண்டு என்று உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். முனிவர்க்கும் நேரக்கூடியது ஒரு தாய்க்கு நேர்ந்ததென்று அவளைக் கடிந்து கொள்வதற்கு நாம் யார்?

ஆர்த்தத் தியானம் நன்றன்று. அதனைக் கடக்க வேண்டும். இதில் ஐயமில்லை. ஆனால் அதே நூலின் ஆறாம் அத்தியாயத்தைப் பெரியவர் மறந்துவிட்டார். துன்பம், சோகம், மனவெதுப்பு, கதறல், வதை, பிறர் இரங்குமாறு புலம்பல் ஆகிய ஆறும் அசாதா வேதனீயம் வந்து சேர்வதற்கு வாயில்கள் என்கிறது அது. இவற்றைத் தன்னிடத்து உண்டாக்கினாலும், பிறரிடத்து உண்டாக்கினாலும், இருவரிடத்தும் உண்டாக்கினாலும் விளைவு ஒன்றே. எனவே, அழுகின்றவளை மேலும் அழச் செய்யும் சொல்லைச் சொன்னவரும் அவ்வினைக்கு உரியவராகிறார். அடுத்த சூத்திரமோ, உயிர்களிடத்து இரக்கம், கொடை, பொறுமை முதலியவற்றைச் சாதா வேதனீயத்தின் வாயில்களாகக் கூறுகிறது. இழவு வீட்டின் வாயிற்படியில் நிற்கும் ஒவ்வொருவர் முன்னும் இவ்விரு வழிகளும் திறந்து கிடக்கின்றன.

மேலும், பெரியவர் கூறியது ஆகமத்தின்படியும் பொருந்தாது. ஓர் உயிர் உடலை விட்டு நீங்குவது அதன் ஆயுள் கருமம் தீர்வதால். மகனுடைய ஆயுள் கருமத்தைத் தாயின் வினை தீர்த்துவிடாது. தாய் உறும் துன்பத்திற்கு அவளுடைய வினையின் உதயம் உட்காரணம் என்னலாம். ஆனால் எப்பிறவியில் எச்செயலால் அது கட்டப்பட்டது என்பது உயர்ஞானம் உடையார்க்கே புலனாகும். நாமோ நேற்று நடந்ததையே முழுதும் அறியோம். அறியாத ஒன்றை அறிந்தவர் போல் கூறுதல் சத்திய அணுவிரதத்திற்கும் இழுக்காகும்.

அநித்தியம், அசரணம் முதலிய பன்னிரண்டு அனுப்பிரேக்ஷைகளும் துயர் தீர்க்கும் அருமருந்துகளே. ஆனால் அவை ஒருவர் தாமே தம் உள்ளத்தில் மீண்டும் மீண்டும் சிந்திப்பதற்காக வகுக்கப்பட்டவை. பிறர் நெஞ்சில் நாம் எறிவதற்காக அமைந்தவையல்ல. துயருற்றவர் தாமாக அச்சிந்தனைக்கு வந்து சேரும் வரையில் உடனிருந்து தாங்குவதே நமக்குரிய பணி. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இரண்டு இதற்கென்றே அமைந்துள்ளன: நழுவுகின்றவரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம், கரவில்லாத அன்பாகிய வாத்சல்யம். சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகத்திலும், அதனை ஒட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்க. அன்பு இல்லாதவரால் எவரையும் நிலைநிறுத்த இயலாது.

மதுரைப் புறஞ்சேரியில் ஓர் அடைக்கலம்

இவ்வுறுப்புகள் வாழ்வில் செயற்படும் முறையைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் மதுரையின் மதிற்புறத்தில் அதனைக் காட்டுகிறது.

புகாரிலிருந்து வந்த கோவலனும் கண்ணகியும் பொருளிழந்து, ஊரிழந்து, கால் நோவ நடந்து மதுரைப் புறஞ்சேரியை அடைந்தனர். வழித்துணையாக வந்தவர் சமண அறத்தைச் சார்ந்த கவுந்தியடிகள். மனைவியை அறியாத நாட்டில் அலைத்துத் துன்புறுத்தினேனே என்று கோவலன் அவரிடம் மனம் நைந்து கூறினான். அடிகள் வினையின் இயல்பை எடுத்துரைத்தார். இராமனும் நளனும் உற்ற துயரங்களை நினைவூட்டினார். அறவுரையை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவ்வுரையோடு அவர் நின்றுவிடவுமில்லை என்பதையே நாம் உற்று நோக்க வேண்டும்.

இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பிய மாதரி என்னும் ஆயர்குல முதுமகள் அடிகளை வணங்கினாள். அவளிடம் அடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். அப்போது அவர் கூறியவை மிக எளிய செயல்கள்: இவளை நீராட்டு, கண்ணுக்கு மை தீட்டு, கூந்தலில் பூச்சூட்டு, தூய ஆடை உடுத்து, தோழியாகவும் தாயாகவும் இருந்து காப்பாற்று. தத்துவம் உணர்ந்த துறவி, துயருற்ற பெண்ணுக்கு வேண்டுவன குளியலும் உடையும் தாயன்பும் என்பதை அறிந்திருந்தார்.

மாதரி சமண சமயத்தினள் அல்லள். ஆயினும் தன் விருந்தினர் சாவக நோன்பினர் என்பதையும், அவர் பகற்பொழுதிலேயே உண்பவர் என்பதையும் கருத்திற்கொண்டு, கண்ணகி தன் கையால் விரைந்து சமைப்பதற்கு உரிய நல்ல கலங்களையும், காய்களையும், அரிசியையும், பாற்பொருள்களையும் கொடுக்கச் செய்தாள். துயருற்றவரின் நோன்பு கெடாமல் துணை நிற்பது எவ்வளவு நுண்ணிய அன்பு! அழகர்கோயில் சாலையிலுள்ள கடச்சனேந்தலே அவ்வாய்ப்பாடி இருந்த இடம் என்று மதுரை வட்டாரத்தில் செவிவழிச் செய்தி வழங்குகிறது.

இக்கதையின் பிற்பகுதியில் வேறொரு பாடமும் உண்டு. கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலப் பொருளை இழந்த மாதரி தீயிற் புகுந்தாள். செய்தி கேட்ட கவுந்தியடிகள் உணவு துறந்து உயிர் நீத்தார். புகாரில் இருவருடைய தாயரும் துயர் தாளாது இறந்தனர். தந்தையர் துறவு பூண்டனர். இவற்றையெல்லாம் சேரன் செங்குட்டுவனுக்கு எடுத்துரைக்கும் மாடலன், தான் கொண்டு சென்ற செய்தியால் நேர்ந்த இறப்புகளின் பழி நீங்கக் கங்கையாட வந்தவன். ஒரு வீட்டின் துயர் அவ்வீட்டோடு நிற்பதில்லை. அது தாங்கியவரையும் தாக்குகிறது. செய்தி சுமந்தவரையும் சுடுகிறது. பிறருக்கு ஆறுதல் கூறிய கவுந்திக்கு ஆறுதல் கூற அருகில் எவர் இருந்தார்? வீட்டில் எல்லோரையும் தேற்றிக்கொண்டு, தாம் அழாமல் நிற்கும் தந்தையையோ மூத்த மகளையோ காணும்போது இவ்வினாவை நாம் நினைவுகொள்ள வேண்டும்.

தக்ஷிண மதுரையிலிருந்து சென்றவர்கள்

நம் புராணங்களும் இதனைப் பேசுகின்றன. புன்னாட சங்கத்து ஜினசேனர் சக ஆண்டு 705இல், அதாவது கி.பி. 783இல், நிறைவு செய்த அரிவம்ச புராணத்தில் வரும் செய்தி இது. துவாரகை எரிந்தபின் பலதேவரும் கிருஷ்ணரும் பாண்டவர் வாழ்ந்த தக்ஷிண மதுரையை நோக்கிப் புறப்பட்டனர். அந்நகரை நம் மதுரை என்றே பலரும் கொள்வர். வழியில் ஒரு காட்டில் ஜரத்குமாரன் மானென்று மயங்கி எய்த அம்பினால் கிருஷ்ணர் மாண்டார். தண்ணீர் கொணரச் சென்றிருந்த பலதேவர் திரும்பி வந்து, தம்பி உறங்குகிறான் என்றே எண்ணினார். உடலைத் தோளில் சுமந்து திரிந்தார், நீராட்டினார், உணவூட்ட முயன்றார். ஆறு திங்கள் இவ்வாறு சுமந்தார் என்பது மரபு.

பலதேவர் சாதாரண மனிதரல்லர். அறுபத்து மூன்று சலாகா புருஷருள் ஒருவர். அத்தகையவரையும் பிரிவு இவ்வாறு மயக்கிற்று. செய்தி அறிந்த பாண்டவர் தக்ஷிண மதுரையிலிருந்து அவரை நாடிச் சென்றனர். உடலுக்கு எரியூட்ட வேண்டினர், அவர் இசையவில்லை. அவர்கள் உடலைப் பறித்துக்கொள்ளவுமில்லை, அவரைக் கைவிடவுமில்லை.

இறுதியில் அவரைத் தெளிவித்தவன், முன்னர் அவருடைய சாரதியாக இருந்து, துறவு பூண்டு தேவனான சித்தார்த்தன். அவன் உபதேசம் செய்யத் தொடங்கவில்லை. அவர் காணுமாறு கல்லின் மேல் தாமரையை நட்டான். பட்ட மரத்திற்கு நீர் விட்டான். "இது முளைக்குமா?" என்று பலதேவரே கேட்டார். கேட்ட கணத்தில் தம் நிலையைத் தாமே உணர்ந்தார். பின்னர் துங்கி மலையில் தம்பிக்கு எரியூட்டியபோது பாண்டவர் உடனிருந்தனர். அதன்பின் பலதேவர் தீக்ஷை ஏற்றார். வினாவும் அவருடையது, விடையும் அவருடையது. அதுவரை பொறுத்திருந்ததே உடனிருந்தோர் செய்த பேருதவி.

பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில், முனிவரின் உடலிலுள்ள கட்டியை இரக்கத்தோடு அறுக்கும் மருத்துவர்க்குப் பாவமில்லை என்று உவமை காட்டுகிறார். நாம் இதனோடு ஒன்று சேர்த்துக் கொள்ளலாம்: நல்ல மருத்துவர் கட்டி பழுக்குமுன் கத்தியை எடுப்பதில்லை.

குன்றில் நிற்கும் ஒரு தாயின் பெயர்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை அடுத்த சமணர்மலைக்கு நம்மவர் பலர் சென்று வந்திருப்பர். அங்கே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் செதுக்கிய திருமேனிகளுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம் எனப் பல குன்றுகளில் திருமேனிகள் செய்வித்துச் சமணம் தழைக்கச் செய்தவர் அச்சணந்தி முனிவர். இல்லறத்து உறவை அவர் துறந்துவிட்டார். ஆயினும் அவரைப் பெற்றவரின் பெயரைப் பொறித்தபோது, 'தாயார்' என்னும் உறவுச் சொல்லை எவரும் நீக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது பாறையில் நிற்கிறது. தாய் என்னும் உறவு வெட்கப்படுதற்குரியதன்று. அவ்வுறவினால் எழும் கண்ணீரும் அத்தகையதே.

நாம் செய்யத் தக்கவை

இனி, நடைமுறையில் நாம் செய்யக்கூடியவற்றைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, உணவு. நம் இல்லங்களில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. வருவோரும் போவோருமாக இருக்கும் இழவு வீட்டில், பகல் கழிந்தபின்பே வீட்டார் ஒரு வாய் உண்ணவில்லை என்பது நினைவுக்கு வரும். அன்று முழுதும் அவர் பட்டினி. ஆதலின் உறவினரில் ஒருவர் இதனைத் தம் பொறுப்பாக ஏற்று, மாலை 5 மணிக்குள் வடிகட்டிய நீரும் எளிய உணவும் அவர் கையில் சேருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று நாள் மட்டுமன்று. கூட்டம் கலைந்த பின்னரே இவ்வுதவி மிகுதியும் தேவைப்படும்.

இரண்டாவது, செவி. "அழாதே" என்று சொல்லற்க. இறந்தவர் பெயரைச் சொல்லவும் அஞ்சற்க. பெயரைத் தவிர்த்தால் துயர் குறையும் என்பது நம் எண்ணம். எல்லோரும் மறந்துவிட்டனர் என்பதே அவர்க்குப் படுவது. அவர் ஒரே செய்தியைப் பத்து முறை கூறினும் பத்து முறையும் கேட்பதே பொறுமை என்னும் அறம்.

மூன்றாவது, வெளிவேலைகள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், குடும்ப அட்டை என ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். கணவரை இழந்த அம்மையார் ஒருவரைத் தனியே தாலுகா அலுவலகத்தில் நிற்க விடுவது நம் சமூகத்திற்கு அழகன்று. படிவம் எழுதிக் கொடுத்து உடன் செல்பவர் நூறு அறவுரையின் பயனைத் தருகிறார்.

நான்காவது, வழிபாடு. தீட்டு நாள்களில் பூசை முதலியன செய்வதற்கில்லை. ஆனால் பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் நினைப்பதற்கு எந்நிலையிலும் தடையில்லை. அருகே அமர்ந்து நாமே மெல்ல ஓதலாம். அவரை ஓதும்படி வற்புறுத்தலாகாது. இறந்தவர் நினைவாக உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நான்கு தானங்களுள் ஒன்றைச் செய்ய அவரே விரும்பும் நாள் வரும். அன்று உடன் நிற்போம்.

ஐந்தாவது, நாட்களை நினைவில் வைத்தல். மாதம் திரும்பும் நாள், பிறந்த நாள், முதலாண்டு நிறைவு ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதி வைத்து, அன்று நேரில் செல்க. இயலாவிடில் தொலைபேசியில் பேசுக. மதுரை போன்று நம்மவர் மிகச் சிலரே வாழும் ஊர்களில், வந்தவாசியிலோ ஆரணியிலோ திண்டிவனத்திலோ இருக்கும் உறவினர்க்கு இது தலையாய கடமை.

துயரால் உண்ணாமை நோன்பாகாது

ஓர் எச்சரிக்கை. துணையை இழந்த முதியவர் உணவை மறுக்கத் தொடங்கினால், "விரதம் ஏற்கிறார்" என்று கூறி வாளாவிருப்பாரும் உளர். இது பெரும் பிழை. சல்லேகனை என்பது தவிர்க்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப் பிணி ஆகியவை நேர்ந்தவிடத்து அறத்தின் பொருட்டு அமைதியுடன் மேற்கொள்ளப்படுவது என்று சமந்தபத்திரர் வரையறுத்துள்ளார். விரைவில் சாக வேண்டும் என்னும் விருப்பமும், அன்பரை நினைந்து உருகுதலும் சல்லேகனையின் அதிசாரங்களாகக் கூறப்பட்டுள்ளன. துயரால் சாவை விரும்புபவர்க்கு வேண்டுவது நம் கையால் ஒரு பிடி உணவும், இடைவிடாத துணையும், மருத்துவ உதவியுமேயாம்.

ஆறு மாதங்களுக்கு மேலும் துயர் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்குமாயின், அதனை மருத்துவம் நாட வேண்டிய நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022 முதல் ஏற்றுக்கொண்டுள்ளது. வாழ விருப்பமில்லை என்ற சொல் வருமாயின் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்னும் இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். உடல் நோய்க்கு மருந்துண்பது வினைக் கொள்கைக்கு மாறாகாதது போன்றே, உள்ள நோய்க்கு மருத்துவரை நாடுவதும் மாறாகாது.

முடிவுரை

தொடக்கத்தில் கூறிய தாயின் செய்தியை நிறைவு செய்வோம். அவரை மீட்டவர் எதிர்வீட்டு அம்மையார். அவர் நம் சமயத்தினர் அல்லர். நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்திற்கு முன் ஒரு தூக்கில் சோறும் குழம்பும் கொண்டு வருவார். "உங்க வீட்டுல பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டீங்கல்ல, அக்கா. அதான் வெளிச்சம் இருக்கையிலே வந்தேன்" என்பார். உண்ணும் வரை உட்கார்ந்திருப்பார். பையனைப் பற்றித் தாய் பேசினால் கேட்பார். பேசாவிட்டால் தாமும் பேசமாட்டார். பல மாதங்கள் இவ்வாறு சென்றன. முதலாண்டு நிறைவு கழிந்த சில நாளில், வெறுந்தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, அத்தாயின் வாய் தன்னை அறியாமல் ணமோகாரத்தை முணுமுணுத்ததாம்.

நம் அறத்தை நம்மினும் நன்றாகக் காத்தவர் அந்த மாதரி. அவர் செய்ததை நாம் செய்யலாகாதா?

சிந்தனைக்கு:

1. அசாதா வேதனீயத்தின் வாயில்கள் எவை? அவை இழவு வீட்டில் நம் சொல்லால் எவ்வாறு திறக்கின்றன?

2. கவுந்தியடிகள் கூறிய அறவுரையையும், மாதரியிடம் அவர் வேண்டிய செயல்களையும் ஒப்பிடுக.

3. நம் உறவில் சென்ற ஓராண்டுக்குள் துயருற்ற இல்லம் எது? நாம் அங்கு இறுதியாகச் சென்றது எப்போது?

அறம் தழைக்க, அன்பு நிலைக்க.